செங்குத்தாக இறங்கும் போர் ஜெட் வாங்கலாமா? எடைக் கணக்கோடு ஓர் ஒப்பீடு

செங்குத்தாக ஏறி இறங்கக்கூடிய போர் ஜெட்டான ஏவி-8பி ஹாரியரின் வெற்று எடை சுமார் 6,340 கிலோ. கப்பலின் மேல்தளத்தில் கொஞ்ச தூரம் ஓடி எழும்பினால் மொத்தம் 14,000 கிலோவரை சுமந்து போகும். நின்ற இடத்திலிருந்தே நேராக மேலே ஏற வேண்டுமென்றால் 9,400 கிலோவுக்கு மேல் முடியாது. வெற்று எடை போக மிஞ்சும் மூன்று டன்னுக்குள்தான் எரிபொருளும் குண்டுகளும் வரவேண்டும். அதனால்தான் கண்காட்சிக் கூட்டம் வாய்பிளந்து பார்க்கும் செங்குத்து ஏற்றத்தைப் போரில் அநேகமாக யாரும் செய்வதில்லை. ஓடி ஏறுவதும் செங்குத்தாக இறங்குவதும்தான் நடைமுறை.

ஒரு கடற்படை இந்த வகை விமானம் வேண்டுமா, வேண்டாமா என்று தீர்மானிக்கும்போது பேச்சு பெரும்பாலும் வேகத்திலும் ரேடாரிலும் ஏவுகணையிலும் சுற்றிக்கொண்டிருக்கும். முதலில் பார்க்க வேண்டியது வேறு: வேலை முடிந்து திரும்பும்போது எவ்வளவு எடையோடு இறங்க முடியும்? ஏறும்போது இறக்கை பாதிச் சுமையைத் தாங்கும், ஓட்டம் உதவும், தளத்தின் நுனியில் மேல்நோக்கி வளைந்த ஸ்கீ-ஜம்ப் சரிவு உதவும். இறங்கும்போது முன்னோக்கிய வேகம் பூஜ்யம். இறக்கையால் ஒரு பயனும் இல்லை. முழு எடையையும் எஞ்சின் ஒன்றே தாங்கியாக வேண்டும். முதல் முறை சரியாக வராமல் இன்னொரு சுற்று வர எரிபொருள் மிச்சம் வேண்டும். சுடாத ஏவுகணைகளும் இறக்கையில் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். எடை கூடிவிட்டால் அவற்றைக் கடலில் தள்ளிவிட்டுத்தான் இறங்க வேண்டும். அமைதிக்கால ரோந்தில் ஏவுகணைகள் பெரும்பாலும் சுடப்படாமலே திரும்பி வரும் என்பதால் இது தினசரிப் பிரச்சினை.

இதில் வெயில் வேறு சேர்கிறது. காற்று சூடானால் அடர்த்தி குறையும், எஞ்சின் உறிஞ்சும் காற்றின் நிறை குறையும், உந்துவிசையும் குறையும். வட அட்லாண்டிக்கில் சரியாக வந்த கணக்கு அரபிக்கடலில் மே மாதம் இடிக்கும். பிரிட்டன், ஹாரியரின் கடற்படை வகையான தன் சீ ஹாரியர் எஃப்ஏ2 விமானங்களை 2006 மார்ச்சில் ஓய்வுபெறச் செய்ததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றே இதுதான்: வெப்பமான பகுதிகளில் சுடாத ஆயுதங்களோடு கப்பலில் வந்து இறங்க எஞ்சினுக்குச் சக்தி போதவில்லை. அந்த விமானத்தின் ரேடாரும் ஏவுகணையும் அன்றைய ஐரோப்பாவில் முதல் தரம். எஞ்சின் மட்டும் பழையது.

இதுவரை உலகம் முயன்ற வழிகள் நான்கு. ஒரே எஞ்சினின் வீச்சைக் கீழே திருப்புவது. தூக்குவதற்கென்றே தனி எஞ்சின்கள் வைப்பது. எஞ்சினிலிருந்து தண்டு போட்டு ஒரு விசிறியைச் சுழற்றுவது. செங்குத்தே வேண்டாம் என்று கம்பியைப் பிடித்து இறங்குவது.

ஒரு எஞ்சின், நான்கு வாய்கள்: ஹாரியர்

1956ல் பிரெஞ்சுப் பொறியாளர் மிஷேல் விபோ முன்வைத்த யோசனையை பிரிஸ்டல் எஞ்சின் நிறுவனத்தில் ஸ்டான்லி ஹுக்கரின் குழு எளிமையாக்கியது. அதிலிருந்து பெகாசஸ் எஞ்சின் பிறந்தது. அதைச் சுற்றி விமானத்தை வரைந்தவர் ஹாக்கர் நிறுவனத்தின் ரால்ஃப் ஹூப்பர். மேலே இருந்தவர் சிட்னி காம். 1960 அக்டோபர் 21 அன்று டன்ஸ்ஃபோல்டில் பி.1127 முன்மாதிரி கயிறுகளால் தரையோடு கட்டப்பட்ட நிலையில் முதன்முதலாக மிதந்தது. ஓட்டிய பில் பெட்ஃபோர்டின் காலில் அப்போது மாவுக்கட்டு.

பெகாசஸின் அமைப்பைப் புரிந்துகொண்டால் ஹாரியரின் பலமும் பலவீனமும் தானாக விளங்கும். முன்னிரண்டு நாசில்களில் (வீச்சு வெளியேறும் வாய்களில்) விசிறிக் காற்று வெளிவரும், அது ஒப்பீட்டளவில் குளிர்ந்தது. பின்னிரண்டில் எரிந்த சூடான வாயு. நான்கும் காற்று மோட்டாரால் இயங்கும் தண்டுகளாலும் சங்கிலிகளாலும் பிணைக்கப்பட்டு ஒன்றாகவே திரும்பும், கிடைநிலையிலிருந்து 98.5 டிகிரிவரை, அதாவது நேர் கீழையும் தாண்டிச் சற்றே முன்னோக்கி. ஒரு பக்கம் மட்டும் திரும்பி மறுபக்கம் நின்றுவிட்டால் விமானம் கவிழும் என்பதால் இந்தப் பிணைப்பு. 1963 பாரிஸ் கண்காட்சியில் அந்தக் காற்று மோட்டாரில் துளி அழுக்கு சிக்கியதே விமானம் எல்லார் கண்முன்னும் தரையில் விழப் போதுமானதாக இருந்தது.

எஞ்சினுக்குள் இருக்கும் இரண்டு சுழற்சித் தொகுதிகளும் எதிரெதிர்த் திசையில் சுழல்கின்றன. ஒரே திசையில் சுழன்றால் மிதக்கும்போது மூக்கைத் திருப்ப முயன்றாலே விமானம் வேறு பக்கம் சாயும். மிதக்கும் நிலையில் வால், இறக்கைத் தகடுகள் எதுவும் வேலை செய்யாது. எஞ்சின் அழுத்தியிலிருந்து எடுத்த உயரழுத்தக் காற்றை மூக்கு, வால், இறக்கை நுனிகளில் உள்ள சிறு துவாரங்கள் வழியே பீச்சித்தான் சமநிலை காக்க வேண்டும். இப்படி எடுக்கும் காற்று தூக்கும் விசையிலிருந்து கழியும். பின்னாள் பெகாசஸின் உந்துவிசை சுமார் 10,800 கிலோ. செங்குத்து ஏற்றத்துக்கு அனுமதித்ததோ 9,400. நடுவில் இருக்கும் 1,400 கிலோவில் ஒரு பகுதி இந்தக் காற்றுக்குப் போகிறது. மீதியைத் தின்பவை, தளத்தில் மோதித் திரும்பும் சூடான வாயுவை எஞ்சினே மறுபடி உறிஞ்சுவதும், விமானத்தின் அடியில் வேகமாக ஓடும் காற்று அதைக் கீழே இழுப்பதும், பாதுகாப்பு இடைவெளியும். ஏவி-8பியில் வயிற்றுக்கடியில் நீளவாட்டில் தடுப்புகளும், முன்னால் மடங்கி இறங்கும் ஒரு சிறு சுவரும் வைத்தார்கள். மேலெழும்பி வரும் வாயுவை அங்கேயே சிறைப்பிடித்து அதையே மெத்தையாக்கும் ஏற்பாடு அது.

சூடான நாளில் இறங்கக் கடைசி ஆயுதம் தண்ணீர். சுமார் 227 லிட்டர் தாதுநீக்கிய நீர், முதுகில் ஒரு தொட்டியில். எரியறைக்குள் பீச்சினால் வெப்பநிலை கட்டுக்குள் நின்று கூடுதல் உந்துவிசை கிடைக்கும். ஒன்றரை நிமிடம் போலத்தான் வரும். அதற்குள் இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால் தண்ணீரின் எடை போய்விட்டது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

ஓட்டுவது எளிதல்ல. எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலுக்குப் பக்கத்திலேயே நாசில் நெம்புகோல். மேலேறும்போது நாசில் கோணத்தை முன்கூட்டியே ஒரு தடுப்பில் அமைத்துவிட்டு, முழு விசையோடு ஓடி, சரியான இடத்தில் நெம்புகோலை அந்தத் தடுப்புவரை இழுக்க வேண்டும். இறங்கும்போது படிப்படியாக நாசிலைக் கீழே திருப்பி, கப்பலின் பக்கவாட்டில் அதே வேகத்தில் மிதந்து, குறுக்கே நகர்ந்து தளத்துக்கு மேல் வந்து, விசையைக் குறைத்து இறக்க வேண்டும். ஆபத்தான கட்டம், இறக்கை தாங்குவதை விட்டு எஞ்சின் தாங்கத் தொடங்கும் இடைப்பட்ட வேகம். பெரிய காற்று உள்வாய்கள் மூக்கைப் பக்கவாட்டில் இழுக்கும். பின்சாய்ந்த இறக்கையில் ஒரு பக்கம் திடீரெனத் தூக்கும். நுனிப் பீச்சல்களால் அதைத் தடுக்க முடியாத அளவுக்குப் போனால் விமானம் உருண்டுவிடும். கண்ணாடிக்கு முன்னால் ஒரு சின்னக் காற்றுத்திசைகாட்டித் தகடு நிற்பது அலங்காரத்துக்கல்ல. அது எப்போதும் நேராக இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் விமானி உயிரோடு இருக்கும் வழி. 1971 முதல் முந்தைய ஹாரியர் வகையான ஏவி-8ஏ பயன்படுத்திய அமெரிக்க மரைன் படையின் விபத்து விகிதம் மற்ற ஜெட்களைவிட மிக அதிகமாக இருந்ததற்கு இந்த இயல்பு முக்கியக் காரணம்.

பராமரிப்பில் ஒன்றைச் சொன்னால் போதும்: எஞ்சினை வெளியே எடுக்க முழு இறக்கையையும் கழற்ற வேண்டும். சிறு கப்பலின் நெரிசலான கொட்டகையில் இதற்கு இடமும் பளுதூக்கியும் ஒதுக்க வேண்டும்.

ஒலியை மிஞ்சும் வேகம் இந்த அமைப்பில் வரவே இல்லை. வெளியேறும் வாயுவில் மறுபடி எரிபொருளை எரித்து விசை கூட்டும் வழக்கமான பின்னெரிப்பு வைக்க ஒற்றை வால்குழாயே இல்லை. முன் நாசில் காற்றிலேயே எரிபொருளை எரிக்கும் பி.1154 திட்டம் 1965ல் ரத்தானது. அது வந்திருந்தாலும் நான்கு நாசில்களும் தளத்தைச் சுட்டிருக்கும். இன்னொரு குறை போரில்தான் தெரிந்தது. சூடான நாசில்கள் உடலின் நடுவில் இருப்பதால், வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணையும் விமானத்தின் நடுவிலேயே வந்து அடிக்கிறது. வால்பக்கம் அடிபட்டு வீடு திரும்பும் வாய்ப்பு மற்ற விமானங்களுக்கு உண்டு, இதற்குக் குறைவு.

இத்தனை குறைகளோடும் 1982ல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து தீவுப் போரில் அது செய்ததை வேறு எந்த விமானமும் செய்திருக்க முடியாது. அங்கே அனுப்பப்பட்ட 28 சீ ஹாரியர்களில் ஒன்றுகூட வான்சண்டையில் விழவில்லை. வீழ்த்தியவை சுமார் 20. இழந்த ஆறும் தரைச்சூடு, விபத்து இரண்டாலும்தான். தெற்கு அட்லாண்டிக்கின் அலையில் ஏறி இறங்கும் தளத்தில், முதலில் காற்றிலேயே நின்றுவிட்டுப் பிறகு இறங்குவது, ஓடிவந்து கம்பியைப் பிடிப்பதைவிட நிதானமான காரியம். கம்பியைத் தவறவிட்டு மறுபடி வட்டமடிக்கும் பிரச்சினையே கிடையாது. ஸ்கீ-ஜம்ப் என்ற மலிவான வளைவு, ஒரு கடற்படை அதிகாரி சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வேட்டில் எழுதிய யோசனை, பிரிட்டிஷ் கப்பல்களான இன்வின்சிபிளில் 7 டிகிரியாகவும் ஹெர்மிஸில் 12 டிகிரியாகவும் அப்போதே பொருத்தப்பட்டிருந்தது.

எல்லையும் அங்கேயே தெரிந்தது. கப்பல்கள் பாதுகாப்புக்காகக் கிழக்கே விலகி நின்றதால், தீவின் மேல் ரோந்துக்குக் கிடைத்தது சொற்ப நேரம். சான் கார்லோஸில் அலுமினியத் தகடுகளால் சுமார் 260 மீட்டருக்கு ஓடுதளம் போட்டார்கள். ஜூன் 8 அன்று இறங்க வந்த ஒரு ஜிஆர்.3 (பிரிட்டிஷ் விமானப்படையின் ஹாரியர்) விசையிழந்து மோதி அந்தத் தளத்தைக் கெடுத்தது. அன்று சீ ஹாரியர்கள் அங்கே எரிபொருள் நிரப்ப முடியாமல் கப்பலுக்கே திரும்ப வேண்டியிருந்தது. அர்ஜென்டின விமானங்கள் சர் கலஹாட் கப்பலைத் தாக்கியதும் அதே நாளில்தான். எங்கும் இறங்கலாம் என்ற வாக்குறுதிக்கு எங்கும் எரிபொருளும் தகடும் ஆளும் தேவைப்படுகின்றன.

இந்தியக் கடற்படையின் சீ ஹாரியர்கள் 1983 டிசம்பரில் கோவாவின் தபோலிமில் வந்திறங்கின. பழைய விக்ராந்துக்கு 9.75 டிகிரி சரிவு பொருத்தப்பட்டது. 1987ல் ஹெர்மிஸே விராட் ஆகி வந்தது. சுமார் 30 விமானங்களில் பாதிக்கும் மேல் விபத்துகளில் போயின. மிஞ்சியவற்றுக்கு இஸ்ரேலிய எல்டா 2032 ரேடாரும் டெர்பி ஏவுகணையும் பொருத்தினார்கள். ஆனால் எண்ணிக்கையைக் கூட்ட வழியில்லை. பிரிட்டன் ஓய்வளித்த எஃப்ஏ2க்களை வாங்கலாமா என்று 2006ல் பேச்சு நடந்தது. ரேடாரையும் ஆம்ராம் ஏவுகணையையும் நீக்கித்தான் கிடைக்கும் என்றதும், மேம்படுத்தும் செலவைக் கணக்கிட்டுக் கைவிட்டார்கள். பிரிட்டனின் கடைசி 72 ஹாரியர்களை 2011ல் அமெரிக்கா உதிரிபாகத்துக்காக அள்ளிக்கொண்டது. விராட்டிலிருந்து கடைசி சீ ஹாரியர் பறந்தது 2016 மார்ச்சில்.

தாய்லாந்தின் கதை இன்னும் கசப்பு. 1997ல் புத்தம்புதுக் கப்பலாக சக்ரி நருபேத் வந்தது, கூடவே ஸ்பெயினின் பழைய ஹாரியர்களான ஏவி-8எஸ்கள். உதிரிபாகம் இல்லாமல் சில ஆண்டுகளில் பறக்கும் நிலையில் ஒன்றிரண்டு மட்டுமே, 2006ல் மூடுவிழா. இன்று ஹாரியரைப் புதிதாக யாரும் வாங்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் உற்பத்தி நின்ற விமானத்தைக் கையிருப்பில் வைத்திருப்பது எப்படி முடியும் என்று பார்க்க இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

தனித் தூக்கு எஞ்சின்கள்: யாக்-38

இந்த சோவியத் விமானத்தைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. வேண்டாம் என்பதே தீர்ப்பு. விமானி அறைக்குப் பின்னால் செங்குத்தாக இரண்டு சிறு எஞ்சின்கள், வாலில் திரும்பும் இரு நாசில்கள் கொண்ட ஒரு பெரிய எஞ்சின். சிறியவை ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிடங்கள் ஓடும். மற்ற நேரமெல்லாம் வெறும் சுமை. அவை விழுங்கும் எரிபொருளும் வீச்சிலிருந்துதான் கழியும். பிரான்ஸ் இதையே எட்டுத் தூக்கு எஞ்சின்களோடு மிராஜ் III-வியில் முயன்றது. 1966ல் அது ஒலியின் இருமடங்கு வேகத்தைத் தொட்டது, அதே ஆண்டு அந்த முன்மாதிரி நொறுங்கியது, திட்டமும் முடிந்தது.

யாக்-38ல் மூன்று எஞ்சினும் ஒத்துப்போக வேண்டும். முன் எஞ்சின் ஒன்று நின்றால் மூக்கு உடனே கவிழும், விமானி யோசிக்க நேரமில்லை. ஆகவே குறிப்பிட்ட அளவுக்கு மேல் சாய்ந்தால் விமானமே விமானியை இருக்கையோடு வெளியே எறியும் தானியங்கி ஏற்பாடு வைத்தார்கள். பலரைக் காப்பாற்றியது அதுதான்; இப்படி ஒன்று தேவைப்பட்டது என்பதே விமானத்துக்கான விமர்சனம். 1980ல் ஆப்கானிஸ்தானுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது மெல்லிய சூடான காற்றில் சுமை தூக்க முடியவில்லை. வான்சண்டைக்கான ரேடாரும் இல்லை.

அடுத்து வந்த யாக்-141 ஒலியை மிஞ்சியது, வால் நாசிலைக் கீழே வளைத்தது, ஆனால் மூக்குப்பக்கம் அதே தூக்கு எஞ்சின்கள்தான். 1991 அக்டோபரில் அட்மிரல் கோர்ஷ்கோவ் கப்பலில் கடினமாக இறங்கி எரிபொருள் தொட்டி கிழிந்து தீப்பிடித்தது. சோவியத் ஒன்றியமே கலைந்த அந்தக் காலத்தில் பணமும் வற்றிப்போனது. கோர்ஷ்கோவை இந்தியர்களுக்கு வேறு பெயரில் தெரியும்: ஐஎன்எஸ் விக்ரமாதித்யா.

தண்டும் விசிறியும்: எஃப்-35பி

தூக்கு எஞ்சின் வேண்டாம், ஆனால் மூக்குப்பக்கம் தூக்கும் விசை வேண்டும். அமெரிக்க லாக்ஹீட் நிறுவனத்தில் பால் பெவிலாக்குவா கண்ட விடை: முதன்மை எஞ்சினின் டர்பைனிலிருந்து ஒரு தண்டை முன்னால் கொண்டுவந்து, கிளட்ச் வழியாக ஒரு பெரிய செங்குத்து விசிறியைச் சுழற்றுவது. 28,000 குதிரைத்திறன் அளவுக்கு இந்தத் தண்டில் ஓடுகிறது. விசிறி சுமார் 9,000 கிலோ தூக்கும். பின்னால் மூன்று துண்டாக மூட்டு வைத்த நாசில் கீழே வளைந்து 8,000 கிலோவுக்கு மேல். இறக்கைக்கடியில் இரு சிறு வாய்கள் மீதியைக் கொடுத்துச் சாய்வையும் கட்டுப்படுத்தும். எல்லாம் கூட்டினால் 18,500 முதல் 19,000 கிலோ. வெற்று எடை சுமார் 14,700.

மிச்சம் நான்கு டன். அதற்குள்தான் விமானி, மீதி எரிபொருள், ஆயுதம், பாதுகாப்பு இடைவெளி. 1,000 பவுண்டு குண்டு இரண்டும் ஆம்ராம் இரண்டும் போதிய எரிபொருளோடு திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது இந்த விமானத்தின் வடிவமைப்பு நிபந்தனைகளில் ஒன்று. ஆயுதங்கள் மட்டும் சுமார் 1,200 கிலோ. 2004ல் விமானம் எடைமிஞ்சி நின்றபோது திட்டமே தள்ளாடியதற்குக் காரணம் இதுதான்: ஏறுவதில் சிக்கலில்லை, இறங்குவதில். ஆயிரம் கிலோவுக்கு மேல் செதுக்கி எடுத்தார்கள். அதில் சில தாங்குசுவர்கள் டைட்டானியத்திலிருந்து அலுமினியத்துக்கு மாறின. 2010ல் தரைச் சோதனையில் அவற்றில் ஒன்றிலேயே விரிசல் கண்டது, மறுபடி வலுவூட்ட வேண்டியதாயிற்று. எடையை எங்கே குறைத்தாலும் ஆயுளில் எங்கோ கேட்கும்.

மற்றபடி ஹாரியரின் தலைவலிகளில் பெரும்பாலானவை இதில் இல்லை. விசிறியிலிருந்து வருவது குளிர்ந்த காற்று. அது முன்னால் திரை போட்டு, பின்னாலிருந்து வரும் சூடான வாயு உள்வாய்க்குள் போகாமல் தடுக்கிறது. போட்டியில் இருந்த போயிங்கின் எக்ஸ்-32பி ஹாரியர் பாணியில் நேரடி வீச்சை நம்பி இந்த வாயு உறிஞ்சலில்தான் திணறியது. 2001 ஜூலையில் எக்ஸ்-35பி ஒரே பறப்பில் குறுகிய ஓட்டத்தில் ஏறி, ஒலியை மிஞ்சி, செங்குத்தாக இறங்கிக் காட்டியபோது முடிவு ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. ஓட்டுவதும் எளிது. ஒரு பொத்தானை அழுத்தினால் கதவுகள் திறந்து கிளட்ச் பிடித்து விமானம் மாறிக்கொள்கிறது. குச்சியை முன்னே தள்ளினால் கீழே, இழுத்தால் மேலே. நாசில் கோணத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும். இந்தக் கட்டுப்பாட்டு முறையைப் பழைய ஹாரியர் ஒன்றில்தான் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் சோதித்துப் பக்குவப்படுத்தினார்கள்.

விலை வேறு இடங்களில் விழுகிறது. விசிறி உட்கார்ந்த இடத்தில் எரிபொருள் இல்லை: சாதாரண ஓடுதளத்துக்கான எஃப்-35ஏயில் 8,200 கிலோவுக்கு மேல் எரிபொருள், பியில் சுமார் 6,000. உள்ளறையில் 2,000 பவுண்டு குண்டு நுழையாது. திரும்பும்போது தாங்கும் வளைவு விசை 9 ஜியிலிருந்து (புவியீர்ப்பைப் போல் ஒன்பது மடங்கு) 7 ஜிக்கு இறங்கியது. போர்வீச்சு ஏ வகையையும் கவண்பொறிக் கப்பலுக்கான சி வகையையும்விடக் கால்பங்கு போலக் குறைவு. சமீபத்திய தொகுதிகளில் ஒன்றின் சராசரி விலை சுமார் 10.9 கோடி டாலர், ஏயைவிட 2.5 கோடிக்கு மேல் அதிகம். இத்தனையும் கடைசி இரண்டு நிமிடத்துக்காக.

தளமும் தயாராக வேண்டும். பின் நாசிலின் வெப்பம் சாதாரணத் தளப்பூச்சை உரித்துவிடும். பிரிட்டன் குயீன் எலிசபெத் கப்பலின் இறங்குமிடங்களில் அலுமினியமும் டைட்டானியமும் கலந்த உலோகப் பூச்சை உருக்கித் தெளித்தது. பழைய தரையிறங்கு கப்பலில் அப்படியே கொண்டுபோய் இறக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்தச் செலவை விட்டுவிடுகிறார்கள். ஜப்பான் இசுமோ கப்பலுக்கு வெப்பம் தாங்கும் பூச்சு போட்டது. அதன் சகோதரிக் கப்பல் காகாவின் முன்தளத்தை இன்னும் மேலே போய்ச் சதுரமாக்கிக் கட்டியது.

கோளாறுகளில் இரண்டைக் குறித்துக்கொள்ளலாம். 2022 டிசம்பரில் டெக்சாஸில் ஒரு புதிய எஃப்-35பி இறங்கும்போது மூக்கு குத்தி விழுந்தது. எஞ்சினின் எரிபொருள் குழாயில் அதிர்வு கூடியதே காரணம் என்று கண்டு மற்றவற்றிலும் திருத்தினார்கள். 2021 நவம்பரில் மத்தியதரைக்கடலில் குயீன் எலிசபெத்திலிருந்து ஒன்று ஏற முடியாமல் கடலில் விழுந்தது. உள்வாயை மூடும் உறை ஒன்று கழற்றப்படாமல் உள்ளேயே இருந்துவிட்டது. இரண்டாவதைத் தடுக்க நவீனத் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை, கழற்றிய உறைகளை எண்ணினால் போதும்.

பிரிட்டன் இன்னொரு வழியும் கண்டுபிடித்தது. 2018 அக்டோபரில் எஃப்-35பியை முழுக்க நிறுத்தாமல் மெதுவாக முன்னே வந்து தளத்தில் உருண்டு இறங்க வைத்தார்கள். இறக்கையும் கொஞ்சம் தாங்குவதால் கூடுதல் எடையோடு இறங்கலாம். நீளமான தளம் வேண்டும், நனைந்த தளத்தில் பிரேக் பிடிக்க வேண்டும். சிறு கப்பலுக்கு இது ஆகாது.

செங்குத்தே வேண்டாம் என்றால்

இங்கே இரண்டு கிளைகள். ஸ்கீ-ஜம்பில் ஏறிக் கம்பியைப் பிடித்து இறங்குவது ஒன்று. கவண்பொறியால் எறிந்து கம்பியைப் பிடிப்பது மற்றொன்று. இரண்டிலும் இறங்கும் எடைக் கணக்கு தளர்ந்துவிடும்: இறக்கை தாங்குகிறது, கம்பி நிறுத்துகிறது. முதலாவதில் கவண் இல்லாததால் ஏறும் சுமை குறையும். இரண்டாவதில் முழுச் சுமை, முழு வீச்சு. அதைவிட முக்கியம், தொலைவிலேயே எதிரியைக் காணும் ஈ-2 போன்ற கண்காணிப்பு விமானத்தைக் கவண்பொறிக் கப்பல்தான் ஏற்ற முடியும். ஃபாக்லாந்தில் பிரிட்டன் ஷெஃபீல்ட் போர்க்கப்பலை இழந்த நாளில் அந்தக் கண் அவர்களிடம் இல்லை. இப்போதும் ஸ்கீ-ஜம்ப் கடற்படைகள் ஹெலிகாப்டரில் ரேடார் கட்டித்தான் சமாளிக்கின்றன, இந்தியாவிடம் கா-31.

ஆனால் கம்பி இலவசமில்லை. கோண மேல்தளம், கம்பி இயந்திரம், கவண், இவற்றுக்கான ஆட்கள், விமானிகளுக்கு ஓயாத பயிற்சி. ஒவ்வொரு இறக்கமும் உடலுக்கு ஒரு மோதல். விக்ரமாதித்யாவில் பழைய ஏவுகணை முன்தளத்தை வழித்தெடுத்து 14.3 டிகிரி சரிவும் தடுப்புக் கம்பிகளும் பொருத்த ஆன செலவு 97.4 கோடி டாலரில் தொடங்கி 235 கோடியில் முடிந்தது. அதில் பறந்த மிக்-29கேக்களின் நிலையை 2016ல் தலைமைக் கணக்காயர் அறிக்கை விரித்தது: பறக்கத் தயார்நிலை 16 முதல் 38 சதவீதத்துக்குள்; 40 எஞ்சின்கள் வடிவமைப்புக் குறையால் திரும்பப் பெறப்பட்டவை. 2025 ஏப்ரலில் 26 ரஃபேல்-எம்முக்குச் சுமார் 63,000 கோடி ரூபாயில் கையெழுத்தானது இந்த அனுபவத்தின் தொடர்ச்சி. அதன் இறக்கை மடியாது என்பதால், புதிய விக்ராந்தில் தளத்துக்கும் கொட்டகைக்கும் இடையே ஏற்றி இறக்கும்போது இடுக்கமாகத்தான் இருக்கும்.

இரு வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பணம் கட்டிப் பார்த்த நாடு பிரிட்டன். 65,000 டன் கப்பலுக்கு 2002ல் எஃப்-35பி என்றார்கள். 2010ல் சி வகைக்கு மாறினார்கள்: வீச்சு அதிகம், குண்டு அதிகம், விமானம் மலிவு. காகிதத்தில் சரியான முடிவு. கப்பல் அதற்குள் பாதி கட்டியாகிவிட்டது. மின்காந்தக் கவணும் கம்பியும் பொருத்த ஒரு கப்பலுக்கு 95 கோடி பவுண்டு என்ற மதிப்பீடு சுமார் 200 கோடியாக வீங்கியதும் 2012 மே மாதம் மறுபடி பிக்கே திரும்பினார்கள். பின்னால் எதுவும் பொருத்திக்கொள்ளலாம் என்று விற்கப்பட்ட கப்பல் உண்மையில் அப்படி வடிவமைக்கப்படவில்லை. விமானத்தை மாற்றுவது என்றால் கப்பலை வரையும்போதே மாற்றியாக வேண்டும். தகடு வெட்டிய பிறகு அந்தக் கதவு மூடிவிடும்.

யாருக்கு எது

கப்பல் 20,000 முதல் 30,000 டன்னுக்குள், கோணத்தளம் இல்லை, ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு விமானம் போதும் என்றால் எஃப்-35பி தவிர வேறு விடை இன்று இல்லை. ஜப்பானும் இத்தாலியும் அந்தக் கணக்கில்தான் வாங்கின; சிங்கப்பூர் கப்பலே இல்லாமல், குறுகிய ஓடுதளங்களிலிருந்து பறக்கலாம் என்பதற்காக 12 கேட்டிருக்கிறது. வாங்கும்போதே தளப்பூச்சு, ஆயுத அறை, தரவுத் தொடர்பு, கொட்டகை உயரம் எல்லாவற்றுக்கும் தனி நிதி ஒதுக்க வேண்டும்.

40,000 டன்னுக்கு மேல் கோணத்தளத்தோடு கப்பல் ஏற்கனவே இருந்தால் செங்குத்துக்குப் போவது இழப்பு. இந்தியாவின் முடிவு அந்த வகையில் சரி. எஃப்-35பியை விரும்பினாலும் அது சுலபமாக வந்திருக்காது: ரஷ்ய எஸ்-400 வான்பாதுகாப்பு ஏவுகணைகளை வாங்கியதற்காக 2019ல் துருக்கியை அமெரிக்கா எஃப்-35 திட்டத்திலிருந்து நீக்கியது, அதே எஸ்-400 இந்தியாவிடமும் இருக்கிறது.

ஒற்றை விற்பனையாளரை நம்பிக் கப்பல் கட்டுவதன் ஆபத்து அந்தத் துருக்கியிடமே தெரிகிறது. ஸ்பெயினின் ஹுவான் கார்லோஸ் கப்பலின் வடிவத்திலேயே ஸ்கீ-ஜம்போடு அனடோலு கட்டப்பட்டுக்கொண்டிருந்தபோது விமானம் கைநழுவியது. இப்போது அதன் சரிவிலிருந்து டிபி3 ஆளில்லா விமானங்கள் ஏறுகின்றன. செங்குத்தாக இறங்கும் தேவையே அவற்றுக்கில்லை, எடை குறைவு, தளத்தில் உருண்டு நிற்கின்றன. ஸ்பெயினிடம் இன்னும் ஏவி-8பிகள் இருக்கின்றன. அமெரிக்க மரைன் படை தன் ஹாரியர்களுக்கு விடைகொடுக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டதால், அவற்றுக்கான உதிரிபாகச் சங்கிலியும் சுருங்குகிறது. 2025ல் எஃப்-35 வாங்குவதில்லை என்ற முடிவுக்கு மத்ரித் வந்தது. அந்தத் தளத்தில் இறங்கக்கூடிய வேறு போர் ஜெட் உற்பத்தியில் இல்லை.